ஆர்கன் ஆடாது

செய்தி வந்தபோது நான் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். இரண்டாம் கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று போகவும் மனசில்லாமல் நிற்கவும் மனசில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. நம் பாடகர் குழுச் செயலாளர் ஜெபராஜ் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். எதையும் எழுதி அனுப்பும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. காதில் வைத்துக் கேட்டால் பாதி ரயில், பாதி ஜெபராஜ். "எல்லாருக்கும் சொல்லிக்கிடுதேன், நம்ம ஞானதுரை சார்" என்று வந்து அறுந்து, மறுபடி "கர்த்தருக்குள்" என்று வந்தது. அந்த இரண்டு துண்டே போதுமானதாக இருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. சார் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றியது. போனை வாய்க்குள்ளேயே வைத்துப் பேசியிருக்கிறான், பகரம் வருகிற இடமெல்லாம் வெடிக்கிறது என்றிருப்பார். தன் சாவுச் செய்தியே ஆனாலும் ஒலிப்பதிவு சரியில்லை என்றால் அவருக்குப் பொறுக்காது. நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே ஜெபராஜ் வீட்டுக்கு வந்தான். சபைப் பத்திரிகைக்கு சாரைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். எங்கள் எல்லாரையும்விட அவரை நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தானே அக்கா, நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றான். நல்லதா எழுதணுமா, நல்லா எழுதணுமா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றான். இரண்டையும் ஒன்றாகச் செய்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. இரண்டாவதை மட்டும் முயன்று பார்க்கிறேன். அவரோடு பாடியவர்கள், அவர் வீட்டில் பாட்டுக் கேட்டவர்கள், அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஞானதுரை சார் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை பார்த்தார். கப்பல் வந்தால் ஏறிச் சரக்கைச் சரிபார்த்துவிட்டு வருகிற வேலை. சரக்கோடு சேர்த்து மாலுமிகளிடம் பேசிப் பேசி அவர் இறக்கிய இசைத்தட்டுகள் போல்பேட்டை வீட்டின் முன்னறை முழுக்க நிற்கும். உப்புக் காற்று பட்டு அட்டை பூத்துவிடக் கூடாது என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்கன் வாசிப்பார். கொயரை நடத்தினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் புழுங்கிய அறையில் எங்களை உட்கார வைத்துத் தட்டுப் போடுவார். நாங்கள் பாட்டுக் கேட்கப் போவோம். அவர் பாட்டில் என்ன குறை என்று கேட்பார்.

அவருடைய காதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது எல்லாம் உண்மை. ஒரே பாட்டு, ஒரே கம்பெனி, ஒரே அட்டை. ஆனாலும் இரண்டு தட்டு ஒன்றாக இருக்காது என்பார். எந்த அச்சில் அழுத்தியது, அந்த அச்சு எவ்வளவு தேய்ந்த பிறகு அழுத்தியது என்பதைப் பொறுத்து ஒன்று பாடும், ஒன்று இருமும். பழைய தட்டுகளை உருக்கிச் செய்ததா, புதுச் சரக்கா என்பதை முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் இரைச்சலிலேயே சொல்லிவிடுவார். லேபிளை ஒட்டி, பாட்டு இல்லாத வழவழப்பான இடத்தில் கம்பெனிக்காரன் கீறிய எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தான் சொன்னது சரிதான் என்று காட்டுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மனிதரிடம் இருந்த கோளாறே அதுதான்.

தருவைகுளத்தில் போட் வைத்திருந்த மிக்கேலைச் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அவனுடைய அப்பா கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த தட்டு ஒன்றைத் தூசி துடைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தான். கிறிஸ்மஸ் தோறும் அவன் அம்மா அதைப் போடச் சொல்லிக் கேட்பாளாம். சார் போட்டார், கொஞ்ச நேரத்திலேயே ஊசியைத் தூக்கினார். "ஏலே மிக்கேலு, அச்சு தேஞ்சு சாகக் கெடக்கையில அழுத்துனதை ஒங்கப்பன் தலையில கட்டிருக்கான். சகரம் வர்ற எடத்தைக் கேளு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்புல இருக்கு" என்றார். அதோடு விட்டாரா, தன்னிடம் இருந்த முதல் அச்சுத் தட்டில் அதே பாட்டைப் போட்டும் காட்டினார். வித்தியாசம் எங்கள் எல்லாருக்குமே கேட்டது. மிக்கேல் கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த கிறிஸ்மஸ் கழித்து மீன் ஏலம் விடுகிற இடத்தில் பார்த்தபோது, அந்தத் தட்டை இப்போது போடுவதில்லை என்றான். போட்டால் பாட்டு கேட்கவில்லையாம், தோசைக்கல்தான் கேட்கிறதாம். ஊசி உடைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஜெபராஜ் வருத்தப்படுவான். சில தட்டுகளில் பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், அதே பாட்டு மிக மெலிதாகத் தூரத்தில் கேட்கும். தட்டில் கீறிய அடுத்த வரிப்பள்ளத்தின் அழுத்தம் பக்கத்துப் பள்ளத்தில் பதிந்துவிடுவதால் வருகிற குறை அது. ஒரு நாள் எங்களை எல்லாம் பெட்டியருகே குனிய வைத்து, மூச்சு விடாதிங்க என்று சொல்லி அதைக் கேட்க வைத்தார். "பாட்டு வர்றதுக்கு முந்தியே அதோட ஆவி வருது பாத்திங்களா" என்று சொன்னபோது அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. அன்று அவரை எனக்குப் பிடித்திருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். நம் சபையின் ஜூபிலிக்கு ஒரு இசைத்தட்டு வெளியிட்டோம் என்பதும், அதன் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டை நான் தனியாகப் பாடினேன் என்பதும் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? என் பேரே அதில்தான் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தச் சபையில் நான் மெர்சி இல்லை, தோணி மெர்சி.

அந்தப் பாட்டுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவரும் சார்தான். மெட்ராஸிலிருந்து ஆட்கள் கருவிகளோடு வந்து நம் கோவிலிலேயே பதிவு செய்தார்கள். மதிய வெயில், மின்விசிறி போடக் கூடாது, மணியடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டி வெளியே வேப்ப மரத்தடியில் காக்கா விரட்டிக்கொண்டு நின்றார். முதல் தடவை பாடும்போது துறைமுகத்தில் சங்கு ஊதிக் கெடுத்தது. இரண்டாவது தடவை பாடினேன். கடைசிச் சரணத்தில் ஆர்கன் நின்றுவிடும். என் குரல் மட்டும் தனியாகப் போய், கடைசி எழுத்தில் நீளமாக நிற்க வேண்டும். நின்றேன். முடிந்ததும் சார் ஆர்கன் பலகையிலிருந்து எழுந்து வந்து, "நூல் பிடிச்சாப்புல இருந்துச்சுளா" என்றார். அவர் வாயிலிருந்து யாருக்கும் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பெஞ்சுகளில் இருந்த நாலைந்து அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. வீட்டுக்குத் தரையில் கால் படாமல் போனேன்.

அவரே மெட்ராஸ் போய், கம்பெனிக்காரன் அழுத்திக் காட்டிய மாதிரித் தட்டைக் கேட்டுச் சரி சொல்லிவிட்டு வந்தார். ஒரு சனிக்கிழமை லாரி பார்சலில் பெட்டிகள் வந்தன. மறுநாள் பேராயர் கையால் வெளியீடு. பெட்டி வந்த அன்று சாயங்காலமே சபை மண்டபத்தில் எல்லாரும் கூடி ஒரு தட்டைப் பிரித்துப் போட்டோம். முதல் பக்கம் நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு வந்தது. என் குரல் மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, இறங்கியது. அந்த நீளமான கடைசி எழுத்து நிற்கவே இல்லை, கிடந்து ஆடியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர்தானே காது. அவர் பிளேயர் மூடியில் கையை வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மெர்சி பயந்துட்டா. கொரலு தோணி மாதிரி ஆடுது."

அவ்வளவுதான். என் பாட்டைக் கோவிலில் உட்கார்ந்து நேரில் கேட்டவர்கள்தான் அந்த மண்டபத்திலும் இருந்தார்கள். கண்ணைத் துடைத்த அம்மாமாரும் இருந்தார்கள். ஒருவருக்காவது, அன்றைக்கு ஆடவில்லையே என்று தோன்றியிருக்க வேண்டாமா? ரெக்கார்டில் பொய் வருமா என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, மெர்சி குரல் எப்போதுமே கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று. என்னைப் பெற்றவளே, "ஏளா, ஒனக்குச் சின்னதுலயே ஆடும். மனசு நோவுமேன்னு நாங்க சொல்லல" என்றாள். அவர்களைச் சொல்லி என்ன, நானும்தான் நம்பினேன். என் காதாலேயே கேட்டேனே.

அதன் பிறகு கொயரில் பின்வரிசை. கூட்டத்தோடு பாடும்போது என் குரல் கொஞ்சம் மேலே வந்தாலும் சார் ஆர்கனிலிருந்து தலையைத் திருப்பாமலே, "தோணியக் கரையில கட்டு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் முதலில் சிரித்துவிடுவேன், அது ஒரு பாதுகாப்பு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், நீ பாடுவியாமே, ஒன்று பாடேன் என்று கேட்டார். ரேடியோவைத் திருப்பி வைத்தேன். பிறகு மகள் பிறந்தாள். தொட்டிலை ஆட்டும்போதும் வாயைத் திறக்கவில்லை, குழந்தைக்கு ஆடுகிற குரல் எதற்கு என்று. ரேடியோவில் கொழும்பு ஸ்டேஷனில் எவளோ பாடியதைக் கேட்டுத்தான் என் பிள்ளை தூங்கினாள். 

கடைசிச் சில வருடங்களில் சாருக்குக் காது போனது. மெஷின் வாங்கி மாட்டினார். தகர டின்னுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது என்று, ஆட்கள் பேசுவதைக் கேட்க மட்டும் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். தட்டுகளை எல்லாம் சென்னையில் ஒருவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். எனக்குப் போன் வந்தது. "ஏளா மெர்சி, பேங்குலயும் ரிடையர் ஆயிட்ட. சும்மாதான இருக்க, வந்து காது குடு" என்றார். ஏன் நான் என்று கேட்டேன். கேட்கவில்லை போலிருக்கிறது, எத்தனை மணிக்கு வருகிறேன் என்பதை மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

இரக்கப்பட்டுப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். இரக்கம் எல்லாம் இல்லை. அந்த மனுஷன் செவிடாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. போய்ப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

மதியங்களில் வேலை நடந்தது. நான் தட்டைப் போட்டுக் கேட்டு, கீறல், இரைச்சல், பழுதில்லை என்று சத்தமாகச் சொல்வேன். அவர் எதிரே உட்கார்ந்து தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஏதோ வயலின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இழுப்பு ஒரு மாதிரி அலைகிறதே என்று நான் நினைக்கும்போதே அவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "ஆடுதா? நான் கேக்காமலே சொல்லுதேன் பாரு. ஊசி இருக்க கையப் பாரு, உள்ளயும் வெளியயும் போய்ட்டுப் போய்ட்டு வருதா? நடு ஓட்டை நடுவுல இல்லைன்னு அர்த்தம். அச்சுல ஓட்டையத் தள்ளிப் போட்டுட்டான்னா அதுல விழுற தட்டெல்லாம் ஆடும். உள்ள போகப் போக மோசமா ஆடும். கடைசிப் பாட்டு நாசம்" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிவிட்டார். குறை ஒன்றைக் கண்டுவிட்டால் அவருக்கு எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது.

கடைசிப் பாட்டு என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. அவர் மாத்திரை போட உள்ளே எழுந்து போனார். கோவில் கோபுரம் போட்ட நம் அட்டை அந்தக் குவியலில்தான் இருந்தது. எடுத்து இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். அந்தத் தட்டை நான் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கேட்டதே இல்லை. ஊசிக் கை ஆடியது. தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை உள்ளே, ஒரு தடவை வெளியே. கண்ணை அதை விட்டு எடுக்காமல் காதைக் கொடுத்தேன். என் பாட்டு வரவே இல்லை, அது இன்னும் மூன்று பாட்டு தள்ளி இருந்தது. முதல் பாட்டு, கொயர், ஆர்கன். கொயரில் பலபேர் குரல் கலந்து தெரியவில்லை. அடியில் ஆர்கன் நீளமாகப் பிடித்த இடத்தில் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது.

சார் திரும்பி வந்ததும் அவர் காதருகே போய்க் கத்தினேன். "சார், ஆர்கன் ஆடுமா?"

"ஆர்கன் எப்படிளா ஆடும்? அது காத்துப் பெட்டி. மிதிச்சுக் கட்டைய அமுக்குனா எடுக்குற வரைக்கும் ஒரே சத்தம். மனுசன் ஆடுவான். ஆர்கன் ஆடாது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

மெதுவாக உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரைப் பல வருடமாகத் தெரிந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள்.

"அன்னைக்கே தெரியும். மொதப் பாட்டுலயே தெரியும். என் ஆர்கன் எனக்குத் தெரியாதா?"

பிறகு சரக்குக் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதிரித் தட்டு நேராக இருந்ததாம். அதைக் கேட்டுத்தான் அவர் சரி சொன்னாராம். கம்பெனிக்காரன் மொத்தத்தையும் அழுத்தும்போது இரண்டாம் பக்கத்துக்கு வேறு அச்சைப் போட்டுக் கெடுத்துவிட்டான். விடிந்தால் பேராயர் வருகிறார், நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தட்டே கோணல் என்று சொன்னால் வெளியீடு நிற்கும், கோணல் தட்டுக்குச் சரி சொல்லிவிட்டு வந்தவர் என்ற பேர் அவருக்கு வரும். ஒரு பிள்ளையின் குரல் ஆடுகிறது என்றால் சபை பொறுத்துக்கொள்ளும். இவ்வளவையும் அவர் வெட்கமில்லாமல் சொன்னார். அடுத்துச் சொன்னதுதான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியாதது.

"ஆர்கனும் ஆடுதேன்னு ஒருத்தராவது கேப்பாங்கன்னு பாத்தேன். கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல. ஒன் கொரலு ஒனக்கே தெரியல, நான் என்ன செய்ய?"

ஓங்கி அறைந்துவிடலாமா என்று இருந்தது. அவருடைய வயசு என் கையைப் பிடித்தது. நான் கிளம்பிப் போய்விடாமல் நின்றதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். லேபிளில் எழுத்தே இல்லாத வெள்ளைத் தட்டு. கம்பெனிக்காரன் கொடுத்த அந்த மாதிரி. மெட்ராஸில் அவன் ஆபீசில், வெளியே மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஒரு தடவை கேட்டதுதானாம். அதன் பிறகு போடவே இல்லையாம். ஏன் போடவில்லை என்று கேட்டேன். அதற்கு மட்டும் காது கேட்கவில்லை.

நானே போட்டேன். கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தேன். கை அசையவில்லை. ஆர்கன் வந்து நின்றது. பிறகு அந்த இருபது வயசுப் பெண் பாடினாள். என்னத்தைச் சொல்ல, நூல் பிடித்தாற்போலத்தான் இருந்தது. அந்தக் கடைசி எழுத்து போய் நின்ற இடத்தில் நின்றது, ஒரு நடுக்கம் இல்லை. அன்றைக்கு வெளியே வேப்ப மரத்தில் கோயில்குட்டிக்குத் தப்பிய ஒரு காக்கா கரைவதுகூடக் கேட்டது. எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டா நான் பின்வரிசையில் வாயசைத்தேன்?

சார் முன்னால் சரிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை அவர் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டைப் பற்றி அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. "எப்பிடி இருக்கு? நேரா இருக்கா?" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

அவர் காதில் வாயை வைத்துத் தெளிவாகச் சொன்னேன்.

"ஆடுது சார்."

வேண்டுமென்றேதான் சொன்னேன். பீரோவுக்குள் இத்தனை வருடம் பொத்தி வைத்தது கோணல் என்று நினைத்துக்கொண்டே அவர் சாகட்டும். நான் இத்தனை வருடம் கிடந்ததுபோல அவர் ஒரு மாதமாவது கிடக்கட்டும். இதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஊசி இருக்கும் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அது கடப்பாரை அறைந்ததுபோல நின்றது. அப்புறம் அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. ஆவி வருது பாத்திங்களா என்று சொன்ன அன்றைக்கு இருந்த அதே முகம்.

"கை ஆடல பாரு. தட்டு நேரா இருக்கு. அப்ப ஆடுறது நீதான்ளா" என்றார். "மெட்ராஸ்ல மிஷின் சத்தத்துல எனக்குத்தான் சரியா வெளங்கல போல. பாத்தியா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்ல."

அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்தே என்னைப் பூட்டிவிட்டார். இல்லை சார், பொய் சொன்னேன், நேராக இருக்கிறது, நேராக இருக்கிறது என்று கத்தினேன். அவர் காது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார், மனசு நிறைந்தால் அப்படித்தான் செய்வார். வெள்ளைத் தட்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒன் பாட்டுதான, நீயே வச்சுக்க என்றார்.

அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். கட்டிலைச் சுற்றி நம் ஆட்கள். மெர்சியே ஒத்துக்கிட்டா, என் காது தப்புப் பண்ணாது என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். குனிந்து அவர் காதில் மறுபடியும் சொன்னேன், ஆடவில்லை சார் என்று. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "விடு. பயத்துல எல்லாருக்கும் ஆடும். நான் ஒன்னைய எப்பமோ மன்னிச்சிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கண் கலங்கினார்கள். ஜெபராஜும் கலங்கினான். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர், இவ்வளவு சமாதானமான மரணத்தைத் தாம் பார்த்ததில்லை என்றார். உண்மைதான். அந்தச் சமாதானத்தை அவருக்குக் கொடுத்தவள் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். நான் கொடுக்க நினைத்தது அது இல்லை.

நினைவுக் கூட்டத்தில் நம் ஜூபிலித் தட்டைப் போடப் போவதாக ஜெபராஜ் சொல்கிறான். சபை அலமாரியில் இருப்பது கோணல் தட்டுதான். தாராளமாகப் போடட்டும். இரண்டாம் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். குரலை விட்டுவிடுங்கள். ஆர்கனைக் கேளுங்கள். சார் வாசித்த ஆர்கன் அது, அவர் ஞாபகமாகவே கேளுங்கள். கேட்டுவிட்டு அதற்கப்புறமும் என்னைத் தோணி என்று கூப்பிடத் தோன்றினால் கூப்பிடுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, ஆர்கன் ஆடாது என்ற அவருடைய சொல். எல்லாரும் சேர்ந்து ஒரு ஆளைக் கை காட்டும்போது, கூட ஆர்கனும் ஆடுகிறதா என்று இப்போது நான் பார்க்கிறேன். இந்த வயசில் படித்து என்ன, படித்தாயிற்று. மற்றது அந்த வெள்ளைத் தட்டு. அதைக் கேட்ட மறுநாள் அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். ஆடியது. இது வயசு, இதற்கு எந்த அச்சையும் குறை சொல்ல முடியாது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பரணில் கிடந்த பிளேயரை இறக்கித் துடைத்து, என்ன ஏதென்று சொல்லாமல் வெள்ளைத் தட்டைப் போட்டேன். கையில் இருந்த காப்பியைக் குடிக்காமல் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே கேட்டாள். நல்லாருக்கும்மா, யாரு பாடுறது என்றாள்.